நாற்பது நாளின் கணக்கு

கீழப்பாவூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்றால், அச்செய்தியைத் தெருவுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. வாசலைக் கடக்கும்போதே சுக்கும் ஓமமும் வறுபடும் மணம் சொல்லிவிடும். அதே வாசலில் இன்னொரு மணமும் நெடுங்காலமாகக் கலந்திருந்தது. ஊறவைத்த பீடி இலையின் ஈர மணமும் புகையிலைத் தூளின் காரமும் சேர்ந்த மணம் அது. ஒன்று பிள்ளை பெற்றவளை எழுந்திருக்க வேண்டாம் என்று படுக்க வைப்பது. மற்றது, எழுந்து உட்கார் என்று அழைப்பது. இவ்விரண்டுக்கும் நடுவே நம் வீட்டுப் பெண்கள் கழித்த நாற்பது நாள்களின் வரலாற்றை இங்கே சற்றே பேச விரும்புகிறோம்.

கீழப்பாவூர், பாவூர்ச்சத்திரத்தை அடுத்துள்ள வயற்காட்டு ஊர். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் தனியாகப் பிரியும் வரை இப்பகுதி முழுவதும் திருநெல்வேலிச் சீமையாகவே அறியப்பட்டது. சுற்றிலும் தென்காசி, கடையநல்லூர், வடகரை, பொட்டல்புதூர் என முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்கள். கடையநல்லூரில் தறிச் சத்தம் ஓயாதிருந்த காலம் ஒன்று உண்டு. ஆண் நெய்ய, பெண் நூல் சுற்றிக் கொடுக்க, வீடே தொழிற்கூடமாக இருந்தது. கைத்தறி நலிந்தபின் ஆண்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறினர். முதலில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும். பெண்கள் வீட்டிலேயே இருந்தனர். அவர்களைத் தேடி வேலை வீட்டுக்குள் வந்தது. அந்த வேலையே பீடி. இப்பகுதியில் பெண் பார்க்கப் போனவர்கள் ஓதத் தெரியுமா என்று கேட்ட கையோடு பீடி சுற்றத் தெரியுமா என்றும் கேட்டார்கள். இதைச் சொல்வதில் நமக்கு வெட்கம் இல்லை, நடந்தது அதுதான்.

தென்பாண்டிச் சீமையில் பிரசவத்தைப் ‘பேறுகாலம்’ என்பார்கள். அழகான சொல். பெறுவது என்பது ஒரு நாளில் முடிந்துவிடும் காரியமன்று, அதற்கென ஒரு காலமே உண்டு என்பதை அச்சொல் உணர்ந்திருக்கிறது. தலைப்பிள்ளை என்றால் ஏழாம் மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது இங்கே எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவான வழக்கம். வளையல் அடுக்குவதும் அடுக்காததும் வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆனால் உளுந்தங்களி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். தோலோடு வறுத்து அரைத்த உளுந்து மாவைக் கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டி, கையில் ஒட்டாத பதத்தில் உருட்டித் தருவார்கள். இடுப்புக்குப் பலம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆட்டு ஈரலும், இங்கே ‘சுவரொட்டி’ எனப்படும் மண்ணீரலும் கருவுற்றவளுக்கென்று தனியே வாங்கிவரப்படும். இரத்தம் ஊறும் என்று பாட்டிமார் சொன்னதில் பிழையில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் இரும்புச்சத்து நிறைந்திருக்கிறது.

ரமலான் குறுக்கிட்டால் ஒரு சிக்கல் எழும். கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் சலுகை உண்டு என்பது நபிமொழிகளில் வந்துள்ள செய்தி. விட்ட நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம். ஆயினும் சலுகையை ஏற்றுக்கொள்ள நம் பெண்கள் தயங்கினார்கள். பகலில் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதைக்கூடப் பிறர் கண்ணில் படாமல் செய்தவர்கள் அவர்கள். மாலையில் பள்ளிவாசலிலிருந்து தூக்குச்சட்டியில் வரும் நோன்புக் கஞ்சியின் முதல் கரண்டியை அவளுக்கே ஊற்றினார்கள் என்பது உண்மைதான். அந்தக் கஞ்சியில் பூண்டும் வெந்தயமும் இருப்பதால், பால் கொடுப்பவளுக்கு நல்லது என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் பகல் முழுவதும் அவள் பட்ட தாகத்துக்குக் கஞ்சி ஈடாகாது. மார்க்கம் கொடுத்த சலுகையை வெட்கம் பறித்துக்கொண்ட இடம் இது.

பேறு பார்ப்பவள் மருத்துவச்சி. பல ஊர்களில் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்களே இதைப் பரம்பரையாகச் செய்துவந்தார்கள். முஸ்லிம் வீடு, இந்து வீடு என்ற வேறுபாடு அவர்கள் கைக்குத் தெரியாது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொல்லும் நுட்பம் அவர்களிடம் இருந்தது. பிள்ளை நேராகக் கிடந்தவரை எல்லாம் நலமாகவே நடந்தது. குறுக்கே கிடந்தால், நஞ்சுக்கொடி விழாமல் இரத்தம் நிற்காது போனால், அந்தக் கைகளால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அப்போது வீட்டார் செய்தது துஆ ஒன்றே. துஆ செய்ய வேண்டியதுதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வை என்று சொல்லப்பட்ட சமுதாயம், கட்டுவதற்குக் கயிறு தேடியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இவ்விடத்தில் வடக்கே திண்டிவனத்தில் நடந்த ஒன்றை நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1890-களின் தொடக்கத்தில் அங்கே ஓர் அமெரிக்க மருத்துவர் குடும்பம் இருந்தது. மகள் ஐடா ஸ்கடர் அப்போது மருத்துவம் படித்தவரல்லர்; நோயுற்ற தாயைக் கவனிக்க வந்திருந்த இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். அவருடைய தந்தை வருவார் என்றதும் மூவரும் மறுத்தார்கள். அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்க்கக் கூடாது என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மூவரில் ஒருவர் முஸ்லிம். ஐடா அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். வேலூரில் 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நம்மில் பலர் நோயென்றால் ரயிலேறிப் போகும் வேலூர் மருத்துவமனையின் வேர் அந்த ஓர் இரவில் இருக்கிறது.

அந்த முஸ்லிம் கணவரைக் கொடியவர் என்று நாம் எழுதமாட்டோம். அவர் மனைவிக்காகத்தான் இருட்டில் ஓடிவந்தார். உயிர் போகும் நிலையில் ஆண் மருத்துவர் பார்ப்பதற்குத் தடையில்லை என்று நம் மார்க்க அறிஞர்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். நெருக்கடி நிலை, தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. அந்த விதி திண்டிவனத்து வீட்டை எட்டவில்லை. பெண் மருத்துவரும் எட்டவில்லை.

சென்னையில் இக்குறையை முன்பே உணர்ந்திருந்தார்கள். மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, திரைக்குப் பின்னால் பெண்கள் மருத்துவமின்றி இறப்பதைக் கேள்வியுற்று, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் முதன்முதலாகச் சேர்ந்த நான்கு பெண்களில் அவர் ஒருவர். பின்னர் லண்டனிலும் படித்துத் திரும்பி, 1885-இல் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அதன் பெயரிலேயே ‘கோஷா’ என்ற சொல் இருந்தது. திரைக்குள் வாழும் பெண்கள் என்று பொருள். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என வழங்கும் அதனைப் பழைய சென்னைவாசிகள் இன்னமும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்கிறார்கள். கோஷாவைக் கைவிட்டால்தான் மருத்துவம் என்று அந்த மருத்துவமனை கேட்கவில்லை. திரைக்கு உள்ளே பெண் மருத்துவரை அனுப்பியது. தென்காசிப் பக்கத்துக்கு அப்படி ஒன்று வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இனி நாற்பது நாளுக்கு வருவோம். பிள்ளை பிறந்ததும் பாங்கு சொல்லிப் பேரீச்சம்பழத்தை மென்று நாவில் தொட்டு வைப்பார்கள். ஏழாம் நாள் முடியிறக்கி, அதன் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்து, இயன்றவர்கள் அகீகா கொடுப்பார்கள். இவையெல்லாம் பிள்ளைக்கு உரியவை. தாய்க்கு உரியது அடுப்படியில் நடந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, சதகுப்பை என நாட்டு மருந்துக் கடையில் ‘பேறுகால மருந்து’ என்று கேட்டாலே ஒரு பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அதை வறுத்து இடித்துச் சலித்து, கருப்பட்டியும் பூண்டும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டி, சுருண்டு வரும் பதத்தில் இறக்கி, நெல்லிக்காய் அளவு உருட்டி விடிகாலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். அதைக் கிண்டும் கைக்கு ஓய்வு கிடையாது, விட்டால் அடிப்பிடித்துவிடும். மதியத்துக்கு மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்ட குழம்பு, முருங்கைக்கீரை, கருவாடு. பால்சுறா கிடைத்த அன்று புட்டு. அதை உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கினால் பால் நன்றாகச் சுரக்கும் என்பார்கள். கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ள எங்கள் ஊர்களுக்கு அது தினமும் வாய்ப்பதில்லை. நாட்டுக்கோழிச் சாறு வாரத்துக்கு ஒரு நாளாவது உண்டு. நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை மருத்துவச்சி இடுப்பில் வீசி ஊற்றுவாள். அந்தச் சூட்டில் பெண் அலறுவதும், ‘பொறுத்துக்கோ மா, பிறகு இடுப்பு வலிக்காது’ என்று உம்மா சொல்வதும் எல்லா வீடுகளிலும் கேட்ட ஒலிகள்.

பாட்டிமார் செய்த அனைத்தையும் புகழ்ந்துவிட்டுப் போக நமக்கு மனமில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சீனித்தண்ணீர் கொடுத்த வீடுகள் பல. பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்தாக அல்லாஹ் சுரக்கவைத்ததைத் தரையில் கொட்டினோம். ‘பச்சை உடம்பு’ என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். பால் கொடுப்பவளுக்கு அது பெருந்துன்பம். இன்னொன்றும் உண்டு. நிஃபாஸ் எனப்படும் பேறுகால உதிரப்போக்கு உள்ளவரை அவளுக்குத் தொழுகை இல்லை. விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதும் இல்லை. அது அவளுக்குக் கொடுக்கப்பட்ட ஓய்வு. ஹனஃபி மத்ஹபில் அதன் உச்ச அளவு 40 நாள்; ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். உச்ச அளவுதான், உதிரம் முன்னதாகவே நின்றுவிட்டால் குளித்துவிட்டுத் தொழத் தொடங்கலாம். நம் வீடுகளில் அந்த 40 ஓர் எல்லைக்கோடாக உறைந்துபோய், அதனோடு தனிப் பாய், தனித் தட்டு, தொடக்கூடாது என்ற அக்கம்பக்கத்துத் தீட்டுப் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. மாதவிடாய்க் காலத்திலும் அன்னை ஆயிஷா (ரலி) வாய்வைத்துக் குடித்த இடத்திலேயே நபி (ஸல்) அவர்கள் வாய்வைத்துக் குடித்தார்கள் என்பதைப் படித்த வீடுகளிலும் இது நடந்தது.

ஆனாலும் அந்த எல்லைக்கோட்டால் ஒரு நன்மை விளைந்தது. நாற்பது நாளைக்கு அவளை யாரும் வேலை ஏவ முடியாது. தண்ணீர்க்குடம் தூக்கச் சொல்ல முடியாது, அம்மி அரைக்கச் சொல்ல முடியாது. மாமியார் வீட்டிலிருந்து வந்து பார்ப்பவர்களும் அவள் படுத்திருப்பதைக் குறை சொல்ல முடியாது. ஓய்வை உரிமையாகக் கேட்கத் தெரியாத பெண்ணுக்கு, வழக்கம் என்ற பெயரில் அது கிடைத்தது.

அந்த ஓய்வுக்கு யார் பொறுப்பு? சோறும் மருந்தும் நாற்பது நாள் எங்கிருந்து வரும்? திருக்குர்ஆன் இதைப் பேசாமல் விடவில்லை. பாலூட்டும் காலத்தைப் பற்றிச் சொல்லும் அல்பகராவின் 233-ஆம் வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் பிள்ளையின் தந்தை மீது பொறுப்பாக்குகிறது. அவ்வசனம் மணமுறிவுச் சட்டங்களுக்கு நடுவே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மணவாழ்வு முறிந்தாலும் அந்தச் சோறு முறியக் கூடாது. பால் மறக்கடிப்பதையும் இருவரும் மனமொத்துக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். ஆக, பிள்ளை பெற்றவளின் சோறு யாரோ இரங்கிப் போடும் சோறு அன்று.

தந்தையின் பொறுப்பு எப்படி அரசின் பொறுப்பாகவும் ஆனது என்பதற்கு நம் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இப்னு ஸஅத் போன்ற பழைய வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்தது. மதீனாவுக்கு வணிகக் கூட்டமொன்று வந்து தங்கியது. கலீஃபா உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் அன்றிரவு அவர்களுக்குக் காவலிருந்தார்கள். ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. உமர் (ரலி) சென்று, பிள்ளையைக் கவனி என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மறுபடியும் அழுகை, மறுபடியும் சென்றார்கள். விடியும் வேளையில் மூன்றாவது முறை சென்று கடிந்துகொண்டபோது, எதிரில் நிற்பவர் யாரென்றறியாத அப்பெண் சலிப்போடு காரணத்தைச் சொன்னாள். பிள்ளையைப் பால் மறக்கடிக்கப் பார்க்கிறாள்; அது மறக்க மறுக்கிறது. ஏன் இத்தனை அவசரம் என்றால், பால் மறந்த பிள்ளைகளுக்குத்தானே உமர் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை கொடுக்கிறார்!

அன்று ஃபஜ்ருத் தொழுகையில் அழுகை மேலிட்டு அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும் தம்மைத் தாமே நொந்துகொண்டார்கள். பிள்ளைகளைப் பால் மறக்கடிக்க அவசரப்படாதீர்கள், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்தே உதவித்தொகை உண்டு என்று அறிவித்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதியனுப்பினார்கள்.

இந்நிகழ்ச்சியை உமர் (ரலி) அவர்களின் இரக்கத்துக்குச் சான்றாகவே நம் மேடைகளில் சொல்லி வருகிறார்கள். நமக்கு அந்தத் தாயின் சொல்லே பெரிதாகப் படுகிறது. நல்ல நோக்கத்தோடு போட்ட ஒரு விதி, ஒரு கூடாரத்துக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவள்தான் சொன்னாள். அதைக் கேட்கும் தொலைவில் அன்று ஆட்சியாளர் இருந்தார்.

பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து உலகம் இதே கேள்விக்கு வந்தது. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிள்ளை பெற்ற பெண்ணை ஆறு வாரம் வேலை வாங்கக் கூடாது என்று உடன்படிக்கை செய்தது. ஆறு வாரம் என்பது 42 நாள். எங்கள் பாட்டிமார் வாஷிங்டனைக் கேள்விப்பட்டதில்லை. கணக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிட்டது. பம்பாய் சட்டமன்றத்தில் 1928-இல் பேறுகால உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். சென்னை மாகாணத்துக்கு 1934-இல் அத்தகைய சட்டம் வந்தது. இவையெல்லாம் ஆலைக்குப் போகும் பெண்களுக்கு. 1961-இல் நாடு முழுவதற்குமான பேறுகால உதவிச் சட்டம் நிறைவேறியது. 12 வாரம் ஊதியத்தோடு விடுப்பு. பிள்ளை பிறந்தபின் ஆறு வாரம் வேலை வாங்கவே தடை. அப்போதும் திண்ணையில் சுளவோடு உட்கார்ந்திருந்தவளை அது எண்ணிப் பார்க்கவில்லை.

அவளை எண்ணிப் பார்த்தது 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணும் தொழிலாளியே, 1961 சட்டம் அவளுக்கும் பொருந்தும் என்று அதன் 37-ஆம் பிரிவு சொன்னது. வீட்டுக்குள் உழைக்கும் பெண்ணின் பேறுகாலத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்ட அரிய இடம் இது. பீடி முதலாளிகள் இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றம் 1974-இல் சட்டம் செல்லும் என்றது. ஆனால் அதே 37-ஆம் பிரிவு ஒரு கையால் கொடுத்ததில் கொஞ்சத்தை மறு கையால் எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். ஆலைப் பெண்ணுக்கு அவளுடைய சராசரிக் கூலி, அல்லது நாளுக்கு ஒரு ரூபாய், இதில் எது அதிகமோ அது. வீட்டில் சுற்றுகிறவளுக்கு அந்த ஒரு ரூபாய் உத்தரவாதம் நீக்கப்பட்டது. மருத்துவச் செலவுக்கான தொகையும், நோயுற்றால் கிடைக்கும் கூடுதல் விடுப்பும் அவளுக்கு இல்லை.

பீடி வேலையை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. முந்தைய இரவே இலையை நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைக்க வேண்டும். மறுநாள் தகர அளவை வைத்துக் கத்தரியால் ஒவ்வோர் இலையாக வெட்ட வேண்டும். மடியில் சுளவு, சுளவில் தூளும் வெட்டிய இலையும் நூலும். தூள் வைத்துச் சுற்றி, நூலால் கட்டி, நுனியை மடக்கி, 25 பீடியை ஒரு கட்டாக்க வேண்டும். 1,000 பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக்கணக்கு. அந்த ஆயிரத்தை எட்டக் காலையில் அடுப்பை அணைத்தது முதல் இஷா வரை குனிந்த தலை நிமிராமல் சுற்ற வேண்டியிருக்கும். கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சொத்தை என்று கழிப்பது போக மீதிதான் பாஸ் புத்தகத்தில் ஏறும். புகையிலைத் தூள் மூச்சிலும் விரல்களிலும் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த விரல்களைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பது எல்லாத் தாய்க்கும் தெரியும். பிள்ளை வீறிட்டு அழும்போது எத்தனை பேருக்குக் கழுவ நேரம் இருந்தது என்பது வேறு.

பேறுகால உதவி கேட்க வேண்டுமானால், முந்தைய ஓராண்டில் 160 நாள் வேலை செய்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். இந்த அளவை 1988-இல் 80 நாளாகக் குறைத்தார்கள். கணக்கு இருப்பது பாஸ் புத்தகத்தில். பாஸ் புத்தகம் எல்லாப் பெண்களுக்கும் இருந்ததில்லை. உம்மாவின் பெயரில் உள்ள புத்தகத்தில் மூன்று மகள்கள் சுற்றுவார்கள். மாமியின் பெயரில் மருமகள் சுற்றுவாள். அறுபதைக் கடந்த உம்மா பேறுகால உதவி கேட்க முடியுமா? சட்டம் ஒரு பெண்ணைப் பார்த்தது. புத்தகம் இன்னொரு பெண்ணைக் காட்டியது. 2017-இல் முதலிரண்டு பிள்ளைகளுக்கான விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபோது நகரத்து அலுவலகங்களில் அது பெரும் செய்தியாக இருந்தது. பீடிக்கடை வரிசையில் நின்றவர்களில் எவரும் அதைப் பற்றிப் பேசி நாம் கேட்கவில்லை. 1961, 1966 ஆகிய இரு சட்டங்களையும் 2020-இல் நாடாளுமன்றம் புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் அடக்கிவிட்டது.

தமிழக அரசு வேறொரு வழியில் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயோடு தொடங்கியது. 2006-இல் அது 6,000 ஆகவும், பிறகு 12,000 ஆகவும், 2018-இல் 18,000 ஆகவும் வளர்ந்தது. அதில் ஒரு பகுதி சத்துப் பொருள்கள் அடங்கிய பெட்டகமாகக் கிடைக்கிறது. இதற்குப் பாஸ் புத்தகம் வேண்டாம்; கிராம சுகாதாரச் செவிலியரிடம் கருவைப் பதிந்துகொண்டு, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் என்று காட்டினால் போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருந்து பேறு பார்க்கும் ஏற்பாடும், 2008-இல் வந்த 108 ஊர்தியும் செய்த மாற்றத்தை எண்ணிக்கையே சொல்லும். தமிழகத்தில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இறந்த தாய்மார் 2001-03 ஆண்டுகளில் 134 பேர். 2018-20 ஆண்டுகளில் 54 பேர். இந்திய அளவில் அதே காலத்தில் 301 என்பது 97 ஆகக் குறைந்தது. திண்டிவனத்து இரவை மனத்தில் வைத்து இந்த எண்களைப் படிக்க வேண்டும். இணையத்தில் காணொளி பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்கும் ஆசை அண்மைக்காலத்தில் சில இளையோரிடம் எழுந்திருக்கிறது. 2018-இல் திருப்பூரில் அப்படி ஓர் இளம் தாய் இறந்தும் போனார். பாட்டி காலத்து முறை என்று அதைச் சொல்லுகிறார்கள். பாட்டிக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஊட்டச்சத்துப் பெட்டகம் வந்த பிறகும் சுக்கு வறுபடும் மணம் நிற்கவில்லை. மருந்துருண்டை இப்போது டப்பாவில் கிடைக்கிறது. அறுவை செய்து பிள்ளையெடுத்தவளுக்கு அதை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்கிறார்கள். துபாயிலிருந்து தந்தை அலைபேசியில் பிள்ளை முகம் பார்க்கிறார். எண்பதுகளில் அழுகையை ஒலிநாடாவில் பதிந்து, ஊருக்கு வந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்தனுப்பியதை நினைத்தால் இது பெரிய வரம்தான். அவர் அனுப்பும் பணம் வந்த மாதங்களில் நாற்பது நாளும் ஒழுங்காக நடந்தது. வராத மாதங்களில் நடந்ததற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

எங்கள் மூத்த சகோதரி இரண்டாம் பிள்ளைக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது மச்சானிடமிருந்து இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. ராத்தாவின் பெயரில் சொந்தப் புத்தகம் இருந்தது. அதைப் பெரிய பாக்கியமாக எங்கள் வீட்டில் எண்ணினோம். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், தூக்குச்சட்டியில் சாறு எடுத்துக்கொண்டு உள்ளே போன உம்மா, ராத்தா சுளவை மடியில் வைத்திருப்பதைக் கண்டு பிடுங்கிக்கொண்டார்கள். நாள்கணக்கில் பீடி போகாவிட்டால் இலை கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று ராத்தா சொன்னாள். உம்மா பதில் பேசவில்லை. சுளவைக் கொல்லைப்புறத் திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த நாற்பது நாளும் விடிகாலையில் மருந்து கிண்டிக் கொடுத்துவிட்டு, வெந்நீர் ஊற்றிவிட்டு, பேரனைத் துடைத்துக் கிடத்திவிட்டு, ராத்தாவின் கணக்கை உம்மா சுற்றினார்கள். சமையல் முடிந்த கையோடு உட்காருவார்கள். அஸருக்கு எழுந்து மறுபடி உட்காருவார்கள். ஒரு நாள்கூட அறுநூறுக்குக் குறையவில்லை. ராத்தாவுக்கு இடுப்பு தேறியது, பால் பெருகியது, பிள்ளை கொழுகொழுவென்றிருந்தான்.

நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்தபின் பேறுகால உதவிக்கு மனுக்கொடுக்கலாம் என்று யாரோ சொல்ல, வாப்பா புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். அங்கிருந்தவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிள்ளை பிறந்த வாரத்திலும் அதற்கடுத்த ஐந்து வாரங்களிலும் ராத்தாவின் பெயருக்கு நேராக அன்றாடம் பீடி ஏறியிருந்தது. ‘இந்தப் பிள்ளை ஒரு நாள்கூட லீவு போடலையே, பாய்’ என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.